பி.கே.எம்.1-ஐ நாட்டுத் தக்காளி என்று சொல்லலாமா?

செம்மண்:
பி.கே.எம்.1 விதையை ‘பாரம்பரிய நாட்டு ரகம்’ என்று விற்கிறார்கள். அது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட ரகம். அன்னஞ்சி ரகத்தில் சடுதி மாற்றத்தை (மரபணுவில் திடீரென வரும் மாற்றத்தை) தூண்டி எடுத்தது. அன்னஞ்சிதான் நாட்டு ரகம், இது இல்லை.

விதைப்பெட்டி:
பிறப்பை விடுங்க. எடுத்த விதை தாயைப் போலவே காய்க்கிறதா? பி.கே.எம்.1 காய்க்கும்: தட்டை உருண்டை, காம்படியில் பச்சைத் தோள். அமெரிக்காவில் பாரம்பரியத் தக்காளி என்று கொண்டாடப்படும் செரோக்கி பர்ப்பிளுக்குப் பெயர் வந்ததே 1990இல்தான்.

செம்மண்:
பெயர்தான் புதுசு. விதை அதற்கு முன்பே வீட்டுத் தோட்டங்களில் கைமாறி வந்தது. ஆய்வு நிலையத்தில் பிறந்ததற்கு அந்த வரலாறு கிடையாது.

மாடிக்கொடி:
பெயர் எதுவானாலும் இலைச்சுருள் நோய் வந்தால் இரண்டும் போய்விடும். அர்கா ரக்‌ஷக் மாதிரி எதிர்ப்புள்ள வீரிய ஒட்டு ரகத்தை வைத்து, அதிலேயே விதை எடுத்தால் என்ன?

விதைப்பெட்டி:
எடுக்கலாம், ஆனால் நிலைக்காது. எதிர்ப்பு ஒரே ஓங்கு மரபணுவில் (ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும் மரபணுவில்) ஒற்றைப் பிரதியாக இருந்தால், அடுத்த தலைமுறையில் சுமார் நாலில் ஒரு செடிக்கு அது இருக்காது. காயின் வடிவமும் செடிக்குச் செடி மாறும். இந்த நோயைப் பரப்புவது வெள்ளை ஈ. நாற்றங்காலை நைலான் வலையால் மூடி, 25 நாள் நாற்றை நடுங்க. சுருண்ட செடியை உடனே பிடுங்கிடுங்க. கோடையில் நாட்டு ரகத்துக்கு ஆபத்து அதிகம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

செம்மண்:
அதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ‘தாயைப் போலவே’ என்பது தானாக நடக்காது. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்ப்பதுதான். ஆனால் பழைய ரகங்கள் சிலவற்றில் சூல்முடி (பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனி) அதைச் சுற்றியுள்ள மகரந்தக் குழலுக்கு வெளியே நீட்டும், வெயில் ஏறினால் இன்னும் நீளும். தேனீ வந்தால் கலப்புதான். பூ விரியுமுன் கொத்துக்கு மெல்லிய துணிப்பை கட்டணும், மகரந்தம் உதிர காலையில் தட்டிவிடணும். பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைங்க. ஒரே செடியில் எடுக்காமல் ஐந்தாறு நல்ல செடிகளில் எடுங்க.

மாடிக்கொடி:
நூல் கட்டிய பழத்தைச் சாம்பலில் பிசைந்து காயவைத்தால் போதுமா?

விதைப்பெட்டி:
விதையைச் சுற்றிய வழவழப்பு முளைப்பைத் தடுக்கும். சாம்பலில் அது முழுசாகப் போகாது. கூழைத் தண்ணீர் சேர்க்காமல் கண்ணாடிப் பாட்டிலில் புளிக்க விடுங்க. நம் வெக்கைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை நாள் போதும். விட்டுவிட்டால் உள்ளேயே முளைத்துவிடும். அலசும்போது மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூழ்கிய விதையைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்க. தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

செம்மண்:
உலர்ந்த விதையைப் போட்டு வைக்கும் பாட்டிலில் ரகப் பெயரோடு எந்த ஊர் விதை, எந்த வருஷம் என்றும் எழுதுங்க. பி.கே.எம்.1 என்றால் பி.கே.எம்.1 என்றே எழுதுங்க. அப்போதுதான் உண்மையான அன்னஞ்சி எங்காவது கிடைத்தால் அடையாளம் தெரியும்.