முருகன் துணை 🙏 கரூர் குடும்பம்

புதன்

கந்தசாமி, காலை 6:41
[படம்]
இன்னோவால இந்த லைட்டு எரியுது. டி-பெல்ட்னு வருது. ஓடுனது 2,00,140. ஞாயித்துக்கெழம திருச்செந்தூர் போகோணும். ஏனுங் மாப்ள, பாத்துச் சொல்லுங்க

தேவி
[படம்] இனிய காலை வணக்கம் 🌹

சுதா
இப்பப் போயா. மொட்டைக்கு நாலு நாள்தாம்ப்பா இருக்கு

பிரபு
டைமிங் பெல்ட். மாத்தோணும்

கார்த்தி
ஓடோ பொத்தான அமுக்கிப் புடிச்சுட்டுச் சாவியப் போட்டு ரீசெட் பண்ணிரலாம்ப்பா. போயிட்டு வந்து பாத்துக்கலாம்

சிவகுமார்
கார்த்தி, அந்தப் பேச்சே வேண்டாம். மச்சான், முழுசாப் படிங்க. அந்த லைட்டுக்குப் பின்னால சென்சார் எதுவும் கெடையாது. மீட்டர்ல ஒரு எண்ணிக்கை ஓடுது, அவ்வளவுதான். லட்சம் கிலோமீட்டர் ஆனா எரியும். ரீசெட் பண்ணுனா மறுபடியும் சைபர்ல இருந்து எண்ணும். உள்ள பெல்ட்டு புதுசா, நூல் பிரிஞ்சு கெடக்குதான்னு அதுக்குத் தெரியாது. உங்குளுது 2.5 டீசல், 2கேடி இஞ்சின். பிஸ்டன் சுத்தி விடற கிராங்க் தண்டு ரெண்டு சுத்து வந்தா, வால்வத் தெறந்து மூடற கேம் தண்டு ஒரு சுத்து வரோணும். அந்தக் கணக்கக் காப்பாத்தறது இந்த ரப்பர் பெல்ட்டு. அறுந்துச்சுன்னா கேம் நின்னுக்கும், பிஸ்டன் நிக்காது. தெறந்தபடி இருக்கற வால்வு மேல போயி மோதும். வால்வு வளையும், வால்வ அமுக்கற ராக்கர் ஒடையும், இஞ்சின் மேல்பாகம் ஹெட்ட எறக்கோணும். பெல்ட்டு செலவு அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல

கார்த்தி
👍

தேவி
காலைலயே ஆரம்பிச்சுட்டாரு. காப்பி ஆறுது

கந்தசாமி
லட்சத்துல ஒருக்கா மாத்துனமே

பிரபு
பில் இருக்காப்பா

கந்தசாமி
பீரோல பாக்கறேன்

மோகன்
அதெல்லாம் அப்பவே மாத்தியாச்சுண்ணா

கார்த்தி
இதுக்குத்தான் செயின் வண்டி வாங்கோணுங்கறது. என்ற டிசைர் செயினு
[பலமுறை அனுப்பப்பட்டது] செயின் இஞ்சின் உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள்! ஆயுள் முழுக்கச் செலவே இல்லை! அனைவருக்கும் பகிரவும்

பிரபு
காலைல ஸ்டார்ட் பண்ணுனா ரெண்டு மூணு செகண்டு கிலுகிலுங்குதே, அது?

கார்த்தி
டீசல்னா அப்புடித்தான்

பிரபு
இல்ல

சிவகுமார்
பிரபு சொல்றது சரி. 1.3 டீசல்ல அந்தச் சத்தம் செயின் சத்தம். செயினு நீண்டுருச்சும்பாங்க, இரும்பு ரப்பராட்ட இழுபடறது இல்ல. ஒவ்வொரு கண்ணிலயும் பின்னும் புஷ்ஷும் இத்துனூண்டு தேயுது, எல்லாம் சேந்து நீளம் கூடிருது. அதத் தம் புடிச்சு வெக்கற டென்ஷனர் ஆயில் பிரஷர்ல வேல செய்யுது. ராத்திரி நின்ன வண்டில பிரஷர் இருக்காது. அது வர்ற வரைக்கும் செயின் தொளதொளன்னு பிளாஸ்டிக் கைடுல அடிக்கும். டீசல் ஆயில்ல கரி வேற சேரும், அந்தக் கரிதான் பின்னத் தேய்க்குது. கடைசியா ஆயில் எப்ப மாத்துன?

கார்த்தி
தீவாளிக்கு

சுதா
எந்தத் தீவாளிக்குன்னு கேளுங்க மாமா 😂

சிவகுமார்
10,000க்கு ஒருக்கா மாத்தியே தீரோணும். 5டபிள்யூ-30, பில்டரோட. நடுவுல டிப் ஸ்டிக்க உருவிப் பாரு, மூணு லிட்டரும் சொச்சமும் புடிக்கற இஞ்சின்ல அர லிட்டர் கொறைஞ்சாலே பெருசு. செயின் பல்லு தாண்டுனா செக் லைட்டு எரியும், ஸ்கேனர்ல பி0016 வரும், கிராங்கும் கேமும் ஒத்துப்போகலன்னு அர்த்தம். அப்பறம் அடில ஆயில் நிக்கற சம்ப்ப எறக்கி, டைமிங் கவரக் கழட்டி, கிராங்கையும் கேமையும் லாக் டூல் போட்டுப் புடிச்சு, செயின், டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாத்தையும் சேத்து மாத்தோணும். பெல்ட்டு வேலைய விடப் பெரிய வேல அது

கார்த்தி
சரிங் மாமா

தேவி
ஞாயித்துக்கெழமைக்குப் புளி சாதமா, எலுமிச்சம்பழ சாதமா?

நித்யா
புளி சாதம் அத்தை. மாமா, என்ற ஈகோஸ்போர்ட்ல என்ன இருக்கு? பெட்ரோல் 1.0 டர்போ

பிரபு
பெல்ட்டு. ஆனா ஆயில்லயே ஊறிட்டு ஓடறது

நித்யா
ரப்பர் ஆயில்ல ஊறுனா கெட்டுறாதா?

சிவகுமார்
அந்த ஆயிலுக்குன்னே செஞ்ச ரப்பர் கண்ணு. கண்ட ஆயில ஊத்துனாத்தான் வம்பு. பெல்ட்டு உதுந்து, அந்தத் தூள் சம்ப்புல ஆயில் உறியற சல்லடைய அடச்சுக்கும். ஆயில் லைட்டு எரியும். 5டபிள்யூ-20, டப்பால ஃபோர்டோட தர நம்பர் 948-பி னு போட்டிருக்கோணும். மத்த டைமிங் பெல்ட்டுல ஒரு சொட்டு ஆயில் படக்கூடாது, இதுல நேர்மாறு

மோகன்
அண்ணா, மடி யாருது? தட்டுக்குச் சொல்லோணும்

சுதா
பிரபு அண்ணன்தான் சித்தப்பா. மூத்தவரு

கார்த்தி
மூத்த புள்ளைக்கும் அவருதான் உக்காந்தாரு

பிரபு
அதப் பொறகு பேசலாம்

கந்தசாமி, மதியம் 1:15
[படம்]
பில் கெடச்சுது. 2016

பிரபு
இஞ்சின் ஆயில். ஆயில் பில்டர். டீசல் பில்டர். அலைன்மென்ட். "டி-பெல்ட் லைட் ரீசெட்"
பெல்ட்டு இல்ல. டென்ஷனரும் இல்ல

சுதா
🙄

கந்தசாமி
மோகா, நீதான வண்டிய விட்டுட்டு வந்த

மோகன்
மாத்திட்டோம்னு சொன்னாங்கண்ணா. பழச டிக்கில போட்டுக் குடுத்தாங்க. ஸ்டெப்னிகிட்ட இன்னும் கெடக்கும் பாருங்க

கந்தசாமி
[படம்]
இதுதானே?

பிரபு
இதுல கோடு நீளவாக்குல ஓடுது. ஃபேன் பெல்ட்டு. டைமிங் பெல்ட்டுன்னா குறுக்கால பல்லு இருக்கும்

சிவகுமார்
ஆமா. அப்ப உள்ள இருக்கறது 2011ல கம்பெனில மாட்டுன பெல்ட்டு. ரெண்டு லட்சம் ஓடியிருக்குது. ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகும்

மோகன்
இத்தன வருசம் தாங்குனது இன்னும் 600 கிலோமீட்டர் தாங்காதா?

பிரபு
தாங்கலாம். தாங்காமயும் போலாம். முன்கூட்டிச் சத்தம் போட்டுட்டு அறாது சித்தப்பா

சிவகுமார்
செயினாச்சும் சத்தம் குடுக்கும், பெல்ட்டு குடுக்காது. கவரத் தெறந்து பாத்தா நல்லாருக்கேன்னு தோணும், அதையும் நம்பக்கூடாது. பல்லோட அடி வெட்டுறது மேலருந்து பாத்தாத் தெரியாது. மச்சான், வண்டிய நிறுத்திருங்க. ஓடறப்ப அறுந்தா இஞ்சின் பட்டுனு நிக்கும். செல்ஃப் அடிச்சா கம்ப்ரஷன் இல்லாம எப்பவும் விட வேகமாச் சுத்தும். ரெண்டாவது தடவ அடிக்கவே கூடாது, மீதி வால்வும் போயிரும்

கந்தசாமி
என்னென்ன வாங்கோணும்

சிவகுமார்
பெல்ட்டு, அத இழுத்துப் புடிக்கற ஹைட்ராலிக் டென்ஷனர், அது உருண்டு ஓடற ஐட்லர் பேரிங். மூணும் சேத்து. பெல்ட்ட மட்டும் மாத்தி பழைய பேரிங்க விட்டா, அது ஜாம் ஆயி புதுப் பெல்ட்ட அறுக்கும். கம்பெனி பார்ட்டா வாங்குங்க, பில்லுல பார்ட் நம்பரோட எழுதச் சொல்லுங்க. கேம் ஆயில் சீல் கசியுதான்னு பாக்கச் சொல்லுங்க, கசிஞ்சா அதையும். மாட்டறவன் டென்ஷனர வைஸ்ல நேரா வெச்சு மெதுவா அமுக்கி, ஓட்டைல மெல்லிசுக் கம்பி சொருகி, அப்பறம்தான் மாட்டோணும். பெல்ட்ட மடிக்கவோ முறுக்கவோ கூடாது, உள்ள இருக்கற கண்ணாடி நார் முறிஞ்சுரும். கம்பிய உருவுனதுக்கப்பறம் கையால கிராங்க ரெண்டு சுத்துச் சுத்தி, மார்க்கு திரும்ப நேரா நிக்குதான்னு பாக்காம செல்ஃப் அடிக்கக்கூடாது. எல்லாம் முடிஞ்சு, கடைசியா ரீசெட்

தேவி
இத்தன எழுதறவரு வீட்டு மிக்ஸியப் பாக்க மாட்டாரு

பிரபு
கடைல கேட்டேன். கிட் வெள்ளிக்கெழம சாயங்காலம் வருமாம். சனிக்கெழம காலைல விட்டா மத்தியானம் முடிஞ்சுரும்

கந்தசாமி
வராட்டி?

மோகன்
டெம்போ டிராவலர் சொல்லிரலாம்ண்ணா

கந்தசாமி
வாடகை யாரு? ரீசெட் பண்ணுனவனா?

மோகன்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுதா
அப்பா விடுங்க

கார்த்தி
என்ற டிசைர் இருக்குல்ல

பிரபு
கிலுகிலுவோடயா

கார்த்தி
நாளைக்கு ஆயில் மாத்தறேன்

சிவகுமார்
ஆயில் மாத்துனா தேஞ்ச பின்னு வளராது. நாளைக்குக் காலைல இஞ்சின் சூடாகறதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணி, சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. கேட்டுட்டுச் சொல்றேன்

நித்யா
பெரியப்பா, டிராவலர் சொன்னா நான் கோயம்புத்தூர்ல இருந்து வண்டி எடுக்காம பஸ்ல வந்துருவேன். சொல்லிருங்க

கந்தசாமி
வெள்ளிக்கெழம பாக்கலாம் கண்ணு

தேவி
புளி சாதத்துக்குப் பெரிய குண்டா யாரு வீட்ல இருக்கு? போன தடவ மோகன் வீட்டுக்குப் போனது திரும்பி வரல