உயிர்வாழ்ச் சான்று கொடுத்தும் உறுப்பினர்களின் ஓய்வூதியம் நின்றுவிட்டது: சங்கம் என்ன செய்யலாம்?

குடியாத்தம் செயலாளர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் குடியாத்தம் வட்டாரத்தில் இயங்கும் முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்றின் செயலாளராக அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலைகளில் ஓய்வு பெற்றவர்கள். கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் பெறும் தாய்மார்களும் கணிசமாக இருக்கிறார்கள். வங்கி மேலாளரை நேரில் பார்த்துக் கேட்டுப் பழகிய இவர்களுக்கு, ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய முறைக்கு மாறிய பிறகு எந்தச் சிக்கல் வந்தாலும் சங்கத்தின் கதவைத் தட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

இப்போதைய சிக்கல் இதுதான். நவம்பர் மாதத்தில் ஒரு கணினி மையத்தில் விரல் ரேகை வைத்து ஜீவன் பிரமாண் என்ற மின்னணு உயிர்வாழ்ச் சான்று கொடுத்த சில உறுப்பினர்களுக்கு, பிறகு ஓய்வூதியம் வரவில்லை. பிரமாண் எண்ணுடன் கூடிய அச்சுப் பிரதி அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் ஸ்பர்ஷ் பக்கத்தில் சான்று பெறப்படவில்லை என்றே காட்டுகிறது. இரண்டாவதாக, ஓர் உறுப்பினர் காலமாகிவிட்டார். அவருடைய ஓய்வூதிய ஆணையில் உள்ள மனைவியின் பெயரும் அந்த மனைவியின் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை. குடும்ப ஓய்வூதியம் தொடங்காததால் அந்த அம்மா மகன் வீட்டில் தங்கியிருக்கிறார்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. உறுப்பினர்களின் ஸ்பர்ஷ் பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கும் வழக்கம் முந்தைய நிர்வாகக் காலத்திலிருந்து தொடர்கிறது; சிலருக்குச் சங்கத்தின் கைபேசி எண்ணே பதிவு எண்ணாகவும் இருக்கிறது. போதாக்குறைக்கு, சங்கம் முயன்று பெற்றுத்தரும் நிலுவைத் தொகையில் ஐந்து சதவீதத்தைச் சங்க நிதிக்கு வாங்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை; ஆனால் மறுத்துச் சொல்லச் சட்டப்படியான காரணம் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற சுபேதார், ஆரணி:

ஜெய்ஹிந்த். முதல் சிக்கலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பிரமாண் எண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்த எண் சான்று உருவானதற்கு அடையாளமே தவிர, அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து ஏற்கப்பட்டதற்கு அடையாளம் அன்று. சான்று எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போது நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

உறுப்பினர்களிடம் உள்ள அச்சுப் பிரதியை எடுத்து, ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கே வங்கியின் பெயர் இருந்தால், சான்று வங்கிக்குப் போயிருக்கிறது என்று பொருள். ஸ்பர்ஷுக்கு மாறிய தரைப்படையினருக்கு, ஓய்வூதியத்தை அனுமதிக்கும் அதிகாரியாகப் பாதுகாப்புத் துறையின் பி.சி.டி.ஏ. (பி) அலகாபாத் (ஓய்வூதியக் கணக்குகளைக் கவனிக்கும் தலைமை அலுவலகம்) என்பதையும், வழங்கும் அமைப்பாக ஸ்பர்ஷ் பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊரின் பெயர் பிரயாக்ராஜ் ஆகிவிட்டாலும் பட்டியலில் அலகாபாத் என்ற பெயரைத் தேடுவதே நல்லது. விமானப்படையினருக்கும் கடற்படையினருக்கும் வழங்கும் அமைப்பு இதேதான். அனுமதிக்கும் அதிகாரி மட்டும் முறையே சுப்ரதோ பார்க், மும்பை என்று மாறும்.

அதோடு, வங்கிப் புத்தகத்துடன் பின் குத்தி வைத்திருக்கும் பழைய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண்ணை இடாமல், ஸ்பர்ஷ் கொடுத்த புதிய எண்ணை இட வேண்டும். தாய்மார்கள் விஷயத்தில் ஓய்வூதிய வகை குடும்ப ஓய்வூதியம் என்றுதான் இருக்க வேண்டும். சரியான விவரங்களோடு மறுபடியும் சான்று கொடுத்தால் போதும், நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வந்துவிடும். விரல் ரேகை தேய்ந்த முதியவர்களுக்கு முக அடையாள முறை இருக்கிறது. வயலிலும் கல் வேலையிலும் கை தேய்ந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

குடியாத்தம் செயலாளர்:

மிக்க நன்றி ஐயா. பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே வழங்கும் அமைப்பாக வங்கியின் பெயர்தான் இருக்கிறது. ஒரு தாயாருடைய பிரதியில் மட்டும் அமைப்பு சரியாக இருக்க, வகை சேவை ஓய்வூதியம் என்று பதிவாகியிருக்கிறது. மறுபடியும் சான்று கொடுக்க ஏற்பாடு செய்கிறேன். மனைவியின் பெயர் குறித்து யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பாதுகாப்புக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சென்னை:

பெயர் விவகாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் படைவீரர் சங்கங்கள் மிகுந்த நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான், ஆனால் மிகக் குறைவாகச் செலவிடும் இடமும் இதுதான்.

நம் பக்கத்துப் பெண்களின் பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருப்பது இயல்பு. திருமணமான ஆண்டில் வடக்கே ஏதோ ஒரு முகாமில் இருந்த எழுத்தர் தன் காதில் விழுந்தபடி லக்ஷ்மி என்று எழுதியிருப்பார். குடும்ப அட்டையில் லட்சுமி அம்மாள் என்று இருக்கும். ஆதாரில் கணவரின் பெயர் முதலெழுத்தாகவோ முழுமையாகவோ சேர்ந்திருக்கும். வங்கி மேலாளர் ஆளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட காலத்தில் இவை சிக்கல் ஆகவில்லை. கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது.

திருத்தம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரயாக்ராஜில் உள்ள அலுவலகம் பெயரைத் தானாக மாற்றாது. வீரர் பணியாற்றிய பிரிவின் ரெக்கார்ட் அலுவலகம்தான் அவருடைய குடும்ப விவரங்களுக்கு மூல ஆவணத்தை வைத்திருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு அது நீலகிரி வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூருவிலும், இ.எம்.இ. என்ற மின்-இயந்திரப் பொறியியல் பிரிவுக்குச் செகந்திராபாத்திலும், சிக்னல்ஸுக்கு ஜபல்பூரிலும், பீரங்கிப் படைக்கு நாசிக்கிலும் இருக்கிறது. அவர்கள் பார்ட் டூ ஆர்டர் என்ற ஆவண மாற்ற ஆணையை வெளியிட்டுப் பெயரைத் திருத்தி அனுப்பிய பிறகே திருத்திய ஓய்வூதிய ஆணை பிறக்கும். எனவே, சென்னைக்கும் பிரயாக்ராஜுக்கும் மாறி மாறி மனு அனுப்பிக்கொண்டிருப்பது காலத்தைக் கரைக்குமே ஒழிய வேலையை நகர்த்தாது.

உங்கள் உறுப்பினர் காலமாகிவிட்டதால், முதலில் இறப்பை ஸ்பர்ஷில் தெரிவித்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். இறந்த தேதிக்குப் பின் கணக்கில் ஏறும் தொகை பின்னர் பிடித்தம் செய்யப்படும், அந்தச் சுமை கடைசியில் அந்த அம்மாவின் தலையில்தான் விழும். பிறகு இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணையின் நகல், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் (படையிலிருந்து விடுவிக்கும்போது தரப்படுவது) குடும்ப விவரம் உள்ள பக்கம், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு ரெக்கார்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் சான்றொப்பமும் அங்கேயே கிடைத்துவிடும்.

தொகை எவ்வளவு வர வேண்டும் என்பதையும் அந்த அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கணவர் ஓய்வு பெற்ற பின் இறந்தவராயின், இறந்த தேதியிலிருந்து 7 ஆண்டுகள் அல்லது அவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 67 வயது நிறையும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதமாகிய 50 சதவீதம் கிடைக்கும். ஆனால் அது கணவர் பெற்ற ஓய்வூதியத்தைத் தாண்டாது. பழைய ஓய்வூதியர்களுக்கு ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டத்தின் அட்டவணைத் தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2019 ஜூலை 1, 2024 ஜூலை 1 ஆகிய நாள்களிலிருந்து மறுநிர்ணயம் செய்யப்பட்டது. அட்டவணை பதவி, குரூப் (தொழில் வகை), தகுதிச் சேவைக் காலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் தொகையைச் சொல்கிறது. வங்கியிலிருந்து தரவு மாறியபோது இந்த மூன்றில் ஒன்று பிசகியிருந்தாலும் தொகை குறையும்.

காலமானவருக்காக ஓடுவதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. உயிரோடிருக்கும் உறுப்பினர்கள் அனைவரின் ஸ்பர்ஷ் பக்கத்தையும் திறந்து, மனைவியின் பெயர், பிறந்த தேதி, சேவைக் காலம், குரூப் ஆகியவை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கணவர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கும்போது எளிதாக முடிகிற திருத்தம், அவர் போன பிறகு அந்தப் பெண் தன்னையே நிரூபிக்க வேண்டிய வழக்காக மாறிவிடுகிறது.

வழக்கறிஞர், திருவண்ணாமலை:

சதவீதம் வாங்கும் யோசனையைப் பற்றிச் சொல்கிறேன். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தில் 12ஆவது பிரிவைச் செயற்குழுவில் படித்துக் காட்டுங்கள். இனி வரவேண்டிய ஓய்வூதியத் தொகையின்மீது ஓய்வூதியர் முன்கூட்டியே செய்துகொடுக்கும் எந்த ஒப்பந்தமும் உரிமை மாற்றமும் செல்லாது என்பது அதன் சாரம். நிலுவை வந்ததும் ஐந்து சதவீதம் தருகிறேன் என்று உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் தாளுக்கு மதிப்பில்லை என்றுதான் நான் சொல்வேன். அதற்கு முந்தைய 11ஆவது பிரிவு, கடன்காரர்கள் நீதிமன்றம் வழியாகக்கூட ஓய்வூதியத்தை ஜப்தி செய்வதைத் தடுக்கிறது. நீதிமன்றத்தாலேயே தொட முடியாத பணத்தில் சங்கம் பங்கு கேட்பது எப்படித் தோன்றும் என்று உங்கள் குழுவினரே யோசிக்கட்டும்.

நிதி வேண்டுமானால், துணைவிதியில் உள்ளபடி எல்லாருக்கும் ஒரே ஆண்டுச் சந்தாவை வாங்கலாம். விரும்பிக் கொடுக்கும் நன்கொடைக்கு ரசீது கொடுக்கலாம். எந்தக் கோப்பு முடிந்ததோ அந்தக் கோப்போடு நன்கொடையை இணைக்காமல் இருப்பது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவான சங்கமாயின், செயற்குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேல் போகக்கூடாது என்பதையும், நிர்வாகிகள் மாறிய விவரம் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்கிறதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவு நடப்பில் இல்லாத சங்கத்தின் கடிதத்தாளில் போகும் மனுவை ஒதுக்குவது எந்த அலுவலகத்துக்கும் எளிது.

கடவுச்சொல் நோட்டுப் புத்தகத்தை வைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. யாராவது ஒருவர் கணக்கில் வங்கி எண் மாறிவிட்டால், முதலில் விசாரிக்கப்படுபவர் நீங்கள்தான்.

ஓர் ஓய்வூதியரின் மகள், காட்பாடி:

வழக்கறிஞர் ஐயா சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் நடைமுறையில் அது எளிதன்று. என் தந்தையாருக்கு 83 வயது. சாதாரணக் கைபேசிதான் வைத்திருக்கிறார். கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் சங்கத்தை விட்டால் யாரிடம் போவது? நோட்டுப் புத்தகத்தை ஒழிக்கச் சொல்பவர்கள் அதற்கு மாற்றையும் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற சுபேதார், ஆரணி:

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. எங்கள் சங்கத்தில் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு நெகிழிக் கோப்புறை கொடுத்தோம். ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புத்தக நகல், பயனர் பெயர் எழுதிய தாள் எல்லாம் அதில் இருக்கும். கோப்புறை அவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். சங்கத்துக்கு வரும்போது எடுத்து வருவார், வேலை முடிந்ததும் எடுத்துப் போய்விடுவார். பதிவுக் கைபேசி எண்ணைச் சங்கத்தின் எண்ணிலிருந்து அவருடைய சொந்த எண்ணுக்கோ, உடனிருக்கும் மகன், மகள், பேரப்பிள்ளை ஒருவரின் எண்ணுக்கோ மாற்றினோம். ஓ.டி.பி. வருவதற்குச் சாதாரணக் கைபேசியே போதும். யாரும் இல்லாத சிலர் இருக்கிறார்கள். அவர்களைக் கைபேசியோடு சேவை மையத்துக்கு ஒருவர் அழைத்துப் போகிறார்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பர்ஷ் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், சான்றைப் புதுப்பிக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும் என்று மிரட்டி ஓ.டி.பி. கேட்கும் மோசடி அழைப்புகள் வருகின்றன. ஓ.டி.பி.யைச் சங்கத்துக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று பழக்கினால்தான் உறுப்பினர் அந்நியருக்கும் சொல்லமாட்டார்.

குடியாத்தம் செயலாளர்:

அனைவருக்கும் நன்றி. நடந்ததைப் பதிவிடுகிறேன். சரியான அமைப்பைத் தேர்ந்தெடுத்துச் சான்று கொடுத்தவர்களுக்கு ஓய்வூதியம் நிலுவையோடு கணக்கில் ஏறிவிட்டது. அந்தத் தாயாருக்கு மட்டும் விரல் ரேகை ஒத்துவராததால் முக அடையாள முறையில் கொடுத்தோம்; ஏற்கப்பட்டதாக ஸ்பர்ஷ் பக்கம் காட்டுகிறது. காலமான உறுப்பினரின் இறப்பைப் பதிவுசெய்து, பெயர் திருத்த விண்ணப்பத்தை மாவட்ட நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்; பதில் இன்னும் வரவில்லை. ஐந்து சதவீத யோசனை கைவிடப்பட்டு, அது தீர்மானமாகவும் பதிவாகிவிட்டது. உறுப்பினர்களின் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கியிருக்கிறோம். பலருக்கு மனைவியின் பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. பெயர் சரியாக இருக்கும்போது தேதிக்காகவும் விண்ணப்பிக்க வேண்டுமா?

பாதுகாப்புக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், சென்னை:

கட்டாயம் விண்ணப்பியுங்கள். குடும்ப ஓய்வூதியம் பெறுபவருக்கு 80 வயது நிறைந்ததும் 20 சதவீதமும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50 சதவீதமும், 100 வயதில் முழு மடங்கும் கூடுதலாகக் கிடைக்கும். பிறந்த தேதி ஆவணத்தில் இல்லையென்றால் அந்த உயர்வு தானாக வராது. ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருக்கும் தாய்மார்கள் உங்கள் பகுதியில் நிறைய இருப்பார்கள்; அவர்களுக்கு முதலில் ஆதாரில் முழுத் தேதியைச் சேர்த்துவிட்டு, அதே தேதியை ரெக்கார்ட் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். இரண்டு இடத்திலும் வெவ்வேறு தேதி பதிவாகிவிட்டால், பெயர் திருத்தத்தைவிட நீண்ட அலைச்சல் அது.