தண்ணீரில் நின்றுபோன ஆக்டேவியா ஆர்எஸ் 245: எஞ்சினையே மாற்றத்தான் வேண்டுமா?

எர்ணாவூர் ஆர்எஸ்:

வணக்கம். கொஞ்சம் அவசரம். வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245. 2020-இல் முழு வண்டியாக இறக்குமதியாகி வந்த 200-இல் ஒன்று. முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினேன். ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) கிடையாது, எல்லாமே கம்பெனி அமைப்பு.

போன வாரப் பெருமழையில் இரவு மாதவரத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எம்.எஃப்.எல். சந்திப்பு தாண்டியதும் சாலையில் தண்ணீர். ஆழம் அதிகமில்லை, டயரில் பாதிக்கும் கீழேதான். முன்னால் ஒரு ஸ்விஃப்ட் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ஒரு காலி கன்டெய்னர் ட்ரெய்லர் வேகம் குறைக்காமல் வந்தது. அது தள்ளிய அலை பானெட் மேலேறிக் கண்ணாடி வரை அடித்தது. எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிட்டது.

நான் திரும்ப ஸ்டார்ட் செய்யவில்லை. ஆனால் ரிக்கவரி வண்டி ஓட்டுநர் நியூட்ரலில் போடுகிறேன் என்று உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்திவிட்டார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அத்தோடு சரி.

இப்போது இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்துவிட்டு, ‘எஞ்சின் லாக், முழு எஞ்சின் மாற்ற வேண்டும்’ என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கொடுத்த எஸ்டிமேட் வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தொடுகிறது. திருவொற்றியூரில் வழக்கமாக நான் போகும் கேரேஜ்காரர், ‘பிளக்கைக் கழற்றித் தண்ணீரை எடுத்து ஆயில் மாற்றினால் ஓடும்’ என்கிறார். யாரை நம்புவது? வண்டி இப்போது வீட்டு வாசலில் நிற்கிறது. இன்ஷூரன்ஸ் பம்பர் டு பம்பர், எஞ்சின் பாதுகாப்பும் சேர்த்து எடுத்திருக்கிறேன். இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

பெரம்பூர் லோகோ:

முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றி வையுங்கள். வீட்டில் யாராவது ‘ஒரே ஒரு தடவை பார்ப்போமே’ என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் இன்றைக்கே இன்ஷூரன்ஸுக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு போல்ட்டைக்கூட யாரும் திருகக் கூடாது. நனைந்த ஏர் ஃபில்டர், கிலோமீட்டர் மீட்டர், தண்ணீர் ஏறிய அடையாளம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

ட்ரெய்லர் நம்பர் எடுத்தீர்களா என்று கேட்கப் போவதில்லை. அந்தச் சாலையில் அந்த மழையில் யார் எடுப்பார்கள்.

காசிமேடு போட்:

விசைப்படகு எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் நாங்கள் செய்வது: தண்ணீரை வெளியேற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலோ டீசலோ ஊற்றி, கையால் சுற்றி வைப்போம். துரு பிடிக்காது. உப்புத் தண்ணீராக இருந்தால் அன்றைக்கே செய்தாக வேண்டும். எர்ணாவூர் பக்கம் கழிமுகத் தண்ணீர் கலந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் தள்ளிப்போடாதீங்க. கேரேஜ்காரர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அம்பத்தூர் போரிங்:

போட் அண்ணன் துருவைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேரேஜ்காரர் சொல்வதும் சரியில்லை, ஒர்க்‌ஷாப் சொல்வதும் சரியில்லை. இரண்டு பேருமே அளக்கவில்லை. சோழவரம் ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து எஞ்சின் பிரிக்கிறவன் நான். தண்ணீர் குடித்த எஞ்சினைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

கணக்கைப் பாருங்க தம்பி. உங்கள் எஞ்சின் 1984 சிசி, நாலு சிலிண்டர். ஒன்றுக்கு 496 சிசி. கம்ப்ரெஷன், அதாவது காற்றை அமுக்கும் விகிதம், சுமாராக ஒன்பதரைக்கு ஒன்று. அப்படியென்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 58 மில்லி அளவுதான், அரை டம்ளர் காபிகூட இல்லை. அதைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே இருந்தால் அமுங்குவதற்கு இடமில்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஓடும் வேகத்தில் பிஸ்டன் அதில் மோதும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட்தான் விட்டுக்கொடுக்கும், அதாவது வளையும்.

இப்போது முக்கியமான விஷயம். ராட் வளைந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம். ஆகி, நன்றாகவும் ஓடலாம். கேரேஜ்காரர் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துக் காட்டுவார். ராட் 1 மி.மீ. குட்டையானால் உங்கள் எஞ்சினின் 82.5 மி.மீ. போரில் கூடும் இடம் வெறும் 5.3 மில்லி. கம்ப்ரெஷன் ஒன்பதரையிலிருந்து 8.8-க்கு இறங்கும், அவ்வளவுதான். கேஜில் பத்து சதவீதத்துக்குள் தெரியும் அந்த வித்தியாசத்தை ‘பழைய எஞ்சின், அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். காற்று கசிகிறதா என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் எடுத்தால் அதுவும் பாஸ், ஏனென்றால் ரிங்கும் வால்வும் நன்றாகத்தானே இருக்கின்றன. வளைந்த ராட் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனைச் சுவரில் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் கும்மிடிப்பூண்டி ரோட்டில் ஆசையாக மிதிக்கும்போது முறிந்து எஞ்சின் பிளாக்கையே துளைத்து ஜன்னல் வைக்கும். அன்றைக்கு நிஜமாகவே முழு எஞ்சின்தான்.

ஆகவே பிஸ்டன் உயரத்தை அளக்க வேண்டும். வலது முன் சக்கரத்தின் உள் லைனரைக் கழற்றினால் கிராங்க் புல்லி தெரியும். நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றச் சொல்லுங்க. ஓடும் திசையில் மட்டும்தான், செயின் டென்ஷனர் இருப்பதால் எதிர்த்திசை வேண்டாம். தண்ணீர் வெளியே வந்த பிறகு நுண்ணிய உயரம் அளக்கும் டயல் கேஜை நீட்டி பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும் இடத்தைக் குறிக்க வேண்டும். 1-ம் 4-ம் ஒன்றாக மேலே வரும், 2-ம் 3-ம் ஒன்றாக. பிஸ்டன் தலை சமதளம் இல்லை, நாலிலும் ஒரே புள்ளியில் வையுங்க. நாலும் ஒன்றுக்கொன்று 0.1, 0.2 மி.மீ.க்குள் இருந்தால் மூச்சு விடலாம். அரை மி.மீ. இறங்கியிருந்தாலே எஞ்சினைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டாம். இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இன்ஜெக்டரைத் துண்டிக்காமல் சுற்றினால் பெட்ரோல் வேறு நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்.

மணலி புதுநகர்:

இன்னொன்று. டர்போ வண்டியில் சிலிண்டரில் இருக்கும் தண்ணீரைவிட, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கி நிற்பது அதிகம். அது முன்பக்கம் தாழ்வாக இருக்கிறது, குழாய்களோடு சேர்த்துக் கழற்றிக் கவிழ்த்தால்தான் வடியும். அப்படியே விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் முதலில் பூஸ்ட் ஏறும்போது மிச்சத் தண்ணீர் உள்ளே போய், இதே கதை இரண்டாவது தடவை.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் என் வண்டி நின்ற இடத்திலேயே மூழ்கியது, அதுவும் எண்ணெய் மிதந்த தண்ணீரில். ஆனால் எஞ்சின் ஓடாமல் நின்றதால் ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை. வயரிங்கும் சீட்டும்தான் போயின. நின்ற வண்டியில் தண்ணீர் ஏறுவது வேறு, ஓடும் எஞ்சின் குடிப்பது வேறு.

பாலிசி படிப்பவன்:

அந்த ‘வேறு’தான் இன்ஷூரன்ஸிலும். நின்ற வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் சாதாரண முழு பாலிசியிலேயே வரும், வெள்ளம் அதில் பெயர் சொல்லி இருக்கிறது. ஓடும்போது தண்ணீர் இழுத்து எஞ்சின் உள்ளே உடைந்தால் ‘பின்விளைவுச் சேதம்’ என்று ஒதுக்குவார்கள். பம்பர் டு பம்பர் இதற்கு உதவாது. அது தேய்மானக் கழிவை மட்டும்தான் நீக்குகிறது. எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இருப்பதால்தான் நீங்கள் பேசவே முடியும். பாலிசி ஷெட்யூலில் (எடுத்த பாதுகாப்புகளின் பட்டியல்) அந்த வரி உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ‘இருக்கு சார்’ என்று ஏஜென்ட் வாயால் சொன்னது கணக்கில் வராது.

ரிக்கவரி ஓட்டுநர் செல்ஃப் அடித்ததை மறைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள்: ஓடும்போதே நின்றது, பிறகு ஏற்றும் நேரத்தில் மூன்றாம் நபர் ஒருமுறை அழுத்தினார். சிலிண்டரைத் திறப்பது சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முன்னால், அல்லது அவர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு. மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அப்புறம் புகாரை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

எர்ணாவூர் ஆர்எஸ்:

எல்லோருக்கும் நன்றி. ஷெட்யூலில் அந்த வரி இருக்கிறது. சர்வேயர் வந்தார், அவர் முன்னாலேயே திருவொற்றியூர் கேரேஜில் பிளக் எடுத்தோம். 2-ஆம் சிலிண்டரிலிருந்துதான் தண்ணீர் பீறிட்டது, 3-இல் கொஞ்சம் ஈரம். இன்டர்கூலரைக் கவிழ்த்ததும் கேரேஜ்காரருக்கே முகம் மாறிவிட்டது, அவ்வளவு தண்ணீர்.

கையால் சுற்றினால் எஞ்சின் தாராளமாகச் சுற்றுகிறது. கம்ப்ரெஷனில் 2 மட்டும் கொஞ்சம் குறைவு. ‘பார்த்தீங்களா, ஒன்றுமில்லை’ என்றார். டயல் கேஜ் வைத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். 1, 3, 4 மூன்றும் 0.1 மி.மீ.க்குள். 2-ஆம் பிஸ்டன் 1.4 மி.மீ. கீழே.

அண்ணே, இனி முழு எஞ்சின்தானா? புதுப்பேட்டை பழைய பாகக் கடையில் ஸ்கோடா சூப்பர்ப் 2.0 எஞ்சின் ஒன்று இருக்கிறதாம், அப்படியே உட்காரும் என்கிறார்கள்.

அம்பத்தூர் போரிங்:

சூப்பர்ப் எஞ்சின் வேண்டாம். குடும்பம் ஒன்று, அதனால் மவுன்ட்டில் உட்காரும். ஆனால் 190 குதிரைத்திறன் வகையின் எரிப்பு முறையும் கம்ப்ரெஷனும் வேறு. உங்கள் எஞ்சின் கம்ப்யூட்டர் (ஈசியு) அதை ஓட்டத் தெரியாமல் முழிக்கும். போதாததற்கு எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்டிஓவில் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து எப்படி வந்தது என்பதற்குக் கையில் காகிதம் இருக்குமா? 200 வண்டியில் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் பிளாக்கை ஏன் இழக்க வேண்டும்.

ஹெட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் ஆயில் சம்பைக் கழற்றி, பிஸ்டனை மேல்வழியாக எடுக்கச் சொல்லுங்க. பார்க்க வேண்டியது: 2-ஆம் சிலிண்டர் சுவரில் ஒருபக்கத் தேய்ப்பு, பிஸ்டன் பாவாடை (அதன் கீழ்ப்பகுதி) கிராங்கின் எடைக்கட்டையில் உரசிய தடம், கிராங்க் கோணாமல் சுற்றுகிறதா, மெயின் பேரிங். ராடை நிமிர்த்தித் தருகிறேன் என்று எந்த லேத் பட்டறை சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்க. இந்த ராட் ஒரே துண்டாகச் செய்து முறித்துப் பிரித்த வகை, மூடியும் உடலும் அந்தந்த ஜோடி மட்டும்தான் பொருந்தும், மாற்றிப் போட முடியாது. நாலும் ஒரே எடையில் புது செட்டாகப் போடுவதுதான் என் விருப்பம். ராட் போல்ட், ஹெட் போல்ட் எல்லாம் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடுபவை, பழையதைப் போடவே கூடாது. அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் இரண்டு இருக்கின்றன. அவற்றின் டைமிங்கைக் கவனமாக வைக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்க. இந்த வேலையில் சாமானைவிட ஆள்தான் முக்கியம்.

மணலி புதுநகர்:

கியர்பாக்ஸ் ஆயிலையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், பால் நிறமாக இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஆர்எஸ் 245-இல் முன் ஆக்ஸிலுக்கு, இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பங்கிடும் எலக்ட்ரானிக் டிஃப் லாக் தனியாக இருக்கிறது, அதற்கும் தனி ஆயில். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

எர்ணாவூர் ஆர்எஸ்:

வேலை முடிந்தது. திறந்து பார்த்ததில் ராட் கண்ணுக்கே தெரியும்படி வளைந்திருந்தது. பிஸ்டன் பாவாடையில் உரசல், சிலிண்டர் சுவர் தப்பியது, கிராங்க் நேராக இருக்கிறது. நாலு ராட், ஒரு பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், போல்ட்கள் மாற்றினோம். ராட் செட் வெளிநாட்டிலிருந்து வரத்தான் நேரம் பிடித்தது. கியர்பாக்ஸ் ஆயில் சுத்தம், டிஃப் ஆயிலில் லேசாக ஈரம், மாற்றிவிட்டோம். மொத்தச் செலவு அந்த எஸ்டிமேட்டில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை.

இன்ஷூரன்ஸில் முதலில் செல்ஃப் அடித்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்த கடிதமும், சர்வேயர் முன்னால் அளந்த படங்களும் இருந்ததால் எஞ்சின் பாகங்களுக்கு ஒப்புக்கொண்டார்கள். டிஃப் ஆயிலுக்கும் ரிக்கவரிக் கூலிக்கும் மறுத்துவிட்டார்கள். அதற்காகச் சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை.

அம்பத்தூர் போரிங்:

நல்லது தம்பி. முதல் 1000 கிலோமீட்டர் வரை மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடித்து ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்க. அதற்கு முன்னாலேயே, 500-இல் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிவிடுங்க. பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதீங்க, வெட்டி விரித்து வெளிச்சத்தில் பாருங்க. பேரிங் துகள் இருந்தால் அதில்தான் மினுங்கும்.

எர்ணாவூர் ஆர்எஸ்:

சரி அண்ணே. வெட்டிப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.