1944இல் கொழும்புக்கு வந்த மாக் கப்பல் மூழ்கியது உண்மையா?

கேள்வி: பொகவந்தலாவைப் பேரன்

வணக்கம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து வாழ்ந்த என் அப்பாயி, ரொட்டி தட்டும்போது விரலில் ஒட்டிய மாவைக்கூட உதற மாட்டார். வழித்து உருண்டையோடு சேர்த்துக்கொள்வார். "சண்டைக் காலத்தில் மாக் கப்பல் கடலோடு போனது, அதனால்தான் நாங்கள் பட்டினி கிடந்தோம்" என்பார். அந்தக் கப்பல் எது என்று அறிந்தவர்கள் சொல்வீர்களா?

மறுமொழி: ஹட்டன் ஆசிரியர் (ஓய்வு)

தம்பி, அப்பாயி சொன்னது வெறுங்கதை அன்று. மெல்பர்னிலிருந்து கோதுமை மா ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'சிசலாக்' என்ற டச்சு வணிகக் கப்பலை, 1944 மார்ச் 26 அன்று ஐ-8 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோ ஏவி மூழ்கடித்தது. கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 105 பேர். அவர்களில் பெரும்பாலோர் படகுகளில் ஏறித் தப்பியிருந்தும், நீர்மூழ்கியின் மேல்தளத்துக்கு அழைக்கப்பட்டு, கட்டப்பட்டு, வாளாலும் துப்பாக்கியாலும் கொல்லப்பட்டார்கள். கடலில் விழுந்து நீந்திப் பிழைத்தவர்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் இந்திய மாலுமி. பின்னர் அமெரிக்கக் கப்பலொன்று அவர்களை மீட்டது. சரக்கைச் சுமந்து வந்தவர்களை இப்படிக் கொன்றதை எந்தப் போர் நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

மறுமொழி: பண்டாரவளை வாசகர்

ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதே மார்ச் இறுதியில், சிட்னியிலிருந்து மாவோடு கொழும்புக்கு வந்த 'துலாகி' என்ற சிறிய கப்பலை யு-532 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதிலிருந்த 54 பேரில் எழுவர் மட்டும் மிதவையில் 58 நாள் மிதந்து சீசெல்ஸ் தீவுகளில் கரையேறினார்கள். ஆகவே அப்பாயி நினைவில் நின்றது எந்தக் கப்பல் என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

மறுமொழி: நாவலப்பிட்டி

கப்பல்கள் மூழ்கியது உண்மை. ஆனால் பஞ்சம் அவற்றால் தொடங்கியதன்று. நாம் உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வரத்து நின்று, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுத்த கூப்பன் அரிசிக் காலம் வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகவே மா வந்தது. மலையகத்து அடுப்பில் ரொட்டி அன்றாட உணவாக வேரூன்றியதில் அந்த ஆண்டுகளுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கருத்து. பேரனே, அப்பாயி வயதுக்காரர் யாரேனும் உங்கள் தோட்டத்தில் இன்னும் இருந்தால், அரிசி குறைந்தது முதலிலா, மா குறைந்தது முதலிலா என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.