பிள்ளைகளுக்கு மெய்ப்பொருளியல்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. 12 வயதுப் பிள்ளைகள், 40 நிமிடம், வீட்டில் இங்கிலீஷ்தான். இருப்பு, மாற்றம், காரணம் இதையெல்லாம் ஆராயும் மெய்ப்பொருளியலைச் சொல்லித்தர முடியுமா?

பதில் 1:
முடியும். வரையறையில் ஆரம்பிக்காதீங்க. ஆளுக்கு 200 கிராம் களிமண்ணை நிறுத்துக் கொடுங்க. அகல் செய்யச் சொல்லி மறுபடி நிறுங்க. எடை அதேதான். "அப்போ புதுசா வந்தது என்ன?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்க. கையில் ஒட்டிய மண்ணையும் வழித்துச் சேர்க்கணும். காய்ந்தால் நீர் போய் எடை குறையும், பாடமே கெடும். ஈரத்துணி போட்டு வையுங்க.
"அகல் மண்ணிலேயே இருந்தது" என்பவன் சற்காரியவாதி, அதாவது காரியம் காரணத்திலேயே ஏற்கெனவே இருக்கு என்கிற கட்சி. "இல்லவே இல்லை, புதுசு" என்பவள் நியாயம் என்ற இந்தியத் தத்துவப் பள்ளிக்காரர் பக்கம். இரண்டு கட்சியும் தானாகவே கிளம்பும்.

பதில் 2:
அடுத்த வாரம் காரணம். சைவ சித்தாந்தத்தில் மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். கிரேக்கத் தத்துவவாதி அரிஸ்டாட்டில் வடிவத்தையும் நோக்கத்தையும்கூடக் காரணமாக எண்ணுவார். ஒரு எச்சரிக்கை: 'பொருள்' என்றால் அர்த்தமா, சொத்தா, வஸ்துவா என்று பிள்ளைகள் குழம்புவார்கள். முதல் நாளே பிரித்துச் சொல்லுங்க.

பதில் 3:
வாத்தியாருக்கும் இந்த மெய்ப்பொருளியல் வேணும். பிள்ளை மனசு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் சொன்ன வெற்றுத்தாள் என்றால் எழுதி நிரப்புவீங்க. சைவ சித்தாந்தம் சொல்வதுபோல, செம்பில் களிம்பு மாதிரி அறிவை மலம் (உயிரோடு ஒட்டிய அழுக்கு) மறைக்குது என்றால் துலக்கப் பார்ப்பீங்க. கேள்வித்தாளே மாறிடும்.