அடைக்கோழி போதுமா, இன்குபேட்டர் வேண்டுமா? நாட்டுக்கோழி வளர்ப்போர் விவாதம்

பஞ்சாரம்:
வீட்டில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள்கூட முட்டை பொரிக்கும் மின்பெட்டியான இன்குபேட்டர் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இந்த அளவுக்கு அது தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒன்றரைக் கிலோ எடையுள்ள, சிறுவிடை என்ற சிறிய வகை நாட்டுக்கோழிப் பெட்டை 10 முதல் 12 முட்டைகளை இறக்கைக்குள் முழுதாக மூடிக்கொள்ளும். சூடு, ஈரப்பதம், முட்டையைத் திருப்புவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது ஆரம்ப ஏற்பாடு மட்டும்தான்.

கோழி உண்மையிலேயே அடைக்கு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். இரவிலும் கூட்டை விட்டு இறங்காது, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும், வயிற்றில் முடி உதிர்ந்து தோல் தெரியும். அப்படி வந்த கோழிக்கும் உடனே நல்ல முட்டையைக் கொடுக்காதீர்கள். பழைய முட்டையை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், முக்கியமாக முதல் ஈடு முட்டையிட்டு முடித்த இளம் வெடக்கோழியாக இருந்தால். நிலைத்து உட்கார்ந்தால், இருட்டிய பிறகு முட்டையை மாற்றுங்கள். எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும்.

அகலமான மூங்கில் கூடையிலோ மண்சட்டியிலோ இரண்டு அங்குலத்துக்கு மணல் போட்டு, நடுவில் லேசாகக் குழித்து, மேலே காய்ந்த வைக்கோல். குழி அதிகமானால் முட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உடையும். குழியே இல்லாவிட்டால் ஓரத்து முட்டை வெளியே உருண்டு ஆறிப்போகும். கம்பு, சோளம் போன்ற முழுத் தானியமும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். தினம் ஒரு தடவை, கால் மணியிலிருந்து அரை மணி நேரம் இறங்கித் தின்று எச்சம் போட்டுவிட்டு ஏறிவிடும். இறங்காத கோழியைத் தூக்கி இறக்கிவிடுங்கள். தூக்கும்போது இறக்கை இடுக்கில் முட்டை மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்கூண்டு:
நீங்கள் சொன்ன ஏற்பாட்டில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோழியின் நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை, அதற்கு ஏறக்குறைய 20 நாள். அடை 21 நாள். குஞ்சோடு திரிவது இரண்டு மாதம். ஒரு சுற்றுக்கு நூறு நாள் போய்விடுகிறது. வருடத்துக்கு மூன்று, நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் நான்கு சுற்று. அதே கோழியை அடையிலிருந்து கலைத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். கம்பி வலைத் தரை உள்ள காற்றோட்டமான கூண்டில் மூன்று நான்கு நாள் தீனி தண்ணீரோடு விட்டாலே போதும், வயிற்றுச் சூடு இறங்கிவிடும். தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் வேண்டாத கொடுமை.

இன்னொன்று, எல்லாக் கோழியும் சிறுவிடை இல்லை. கடக்நாத் சரியாக அடைக்கு உட்காராது. வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்களிடம் அந்தக் குணத்தை எதிர்பார்க்கவே முடியாது. அவற்றை வைத்திருப்பவர் யாரிடம் போய் அடைக்கோழி கடன் கேட்பார்?

விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ், முதல் 18 நாள் ஈரப்பதம் 55 சதவீதத்தை ஒட்டி, கடைசி மூன்று நாள் 65க்கு மேல். 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு, குஞ்சு வெளியே வந்து காயும்வரை மூடியைத் திறக்காமல் இருந்தால் நன்றாகப் பொரிக்கும்.

பஞ்சாரம்:
"மூடியைத் திறக்காமல் இருந்தால்" என்கிறீர்கள். அங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 20ஆம் நாள் ஓடு விரிசல் விட்டதும் ஆவலில் திறந்து திறந்து பார்ப்பார்கள். ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். விரிசல் விட்டதிலிருந்து வெளியே வர 12 மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் ஓட்டை உரித்தால், சவ்வில் இன்னும் உள்ளிழுக்கப்படாத இரத்தம் கசிந்து குஞ்சு சாகும்.

விலை குறைந்த தெர்மாகோல் பெட்டிகளில் திரை காட்டும் எண்ணை நம்பவும் முடியாது. வெப்பத்தை அளக்கும் உணரி விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும், முட்டை மூலையில் இருக்கும். ஒரு டிகிரி கூடுதலாகவே மூன்று வாரமும் ஓடினால், குஞ்சு முன்கூட்டியே, தொப்புள் மூடாமல் வரும். குறைவாக ஓடினால் 22, 23 நாளுக்குத் தள்ளிப்போய் நோஞ்சானாக வரும். கரண்ட் போனாலோ சொல்லவே வேண்டாம்.

மின்கூண்டு:
கரண்ட் ஒரு மணி இரண்டு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. மூடியைத் திறக்காமல் மேலே கம்பளி போர்த்தினால் போதும். உணரி சரியாகக் காட்டுகிறதா என்று முட்டை வைக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். இரண்டு நாள் காலியாக ஓட்டி, முட்டைத் தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் தனி வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

நெல்லைக்கூடை:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டிய. ஐப்பசி கார்த்திகையில இடி விழுந்தா அடையில இருக்க முட்டை கூமுட்டையா போயிரும். அதுக்குத்தான் கூடையில இரும்புத்துண்டும் கரித்துண்டும் ரெண்டு வத்தலும் போடுறது. இன்குபேட்டர்ல அதெல்லாம் யாரு பாக்கா?

மின்கூண்டு:
அண்ணாச்சி, பெரியவர்கள் செய்ததை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் முட்டை கூமுட்டையாவதற்கு இடி காரணமில்லை. அந்த மாதங்களில் கூடை நனைகிறது, வைக்கோல் பூஞ்சை பிடிக்கிறது, மிரண்ட கோழி இறங்கி வேறெங்கோ ஒதுங்குகிறது. ராத்திரி முழுக்க ஆறிய முட்டைதான் கெடுகிறது. கூடையை ஒழுகாத, ஆள் நடமாட்டமில்லாத மூலைக்கு மாற்றினால் இரும்பு வேண்டியதில்லை.

பொரிக்காத முட்டையைத் தூக்கி எறியாமல் வெளியே கொண்டுபோய் உடைத்துப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும். மஞ்சள் கரு தெளிவாக, எந்த மாற்றமும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் கரு கூடாத முட்டை. சேவலைக் கவனிக்க வேண்டும், 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் சரியாக இருக்கும். சிவப்பு வளையம் மட்டும் இருந்தால் முதல் வாரத்திலேயே கரு செத்திருக்கிறது. முட்டை பழையது, அல்லது வெக்கையில் கிடந்தது. முழுக் குஞ்சு வளர்ந்து ஓட்டைக் கொத்தாமலே செத்திருந்தால் சூடு, ஈரப்பதம், தாய்க்கோழியின் சத்துக் குறைவு இவற்றைப் பார்க்கணும்.

இதில் சித்திரை வைகாசியில்தான் அதிக நஷ்டம். வீட்டுக்குள்ளேயே 35 டிகிரியைத் தாண்டுகிற நாளில் முட்டையைப் பத்து நாள் சேர்த்தால், அடை வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஈர மணல் பரப்பிய அகல மண்பானைக்குள் சின்னச் சட்டியை வைத்து, அதில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கிச் சேமியுங்கள். ஏழு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். அழுக்கு முட்டையைக் கழுவவும் கூடாது, மேலே இருக்கும் காப்புப் பூச்சு போய்க் கிருமி உள்ளே நுழையும். ரொம்ப அழுக்காக இருந்தால் அதை அடைக்கு வைக்காமல் சமைத்துவிடுங்கள்.

நெல்லைக்கூடை:
நீங்க சொல்லுத காரணம் சரியாவே இருக்கட்டும். இரும்பு கிடந்தா முட்டைக்கு ஒரு கெடுதலும் இல்லல்லா? நான் எடுக்க மாட்டேன். 18ஆம் நாளைக்கு மேல கோடையில லேசா தண்ணி தெளிக்கதையாவது ஒத்துக்கிடுதியளா?

பஞ்சாரம்:
முட்டை மேல் தெளிக்காதீர்கள் அண்ணாச்சி. கூடைக்கு அடியில் உள்ள மணலை ஓரமாக ஈரப்படுத்தினாலே போதும், ஈரம் கீழேயிருந்து ஏறும். கடைசி நாட்களில் வெதுவெதுப்பான நீரில் முட்டையை மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்ப்பதும் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் உள்ளே இருக்கிற குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். 7ஆம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி இரத்த நாளம் தெரியும். தெரியாததை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

கொங்குத்தோட்டம்:
இவ்வளவு நேரம் பொரிப்பைப் பத்தியே பேசறீங்க. நாட்டுக்கோழியில நஷ்டம் வர்றது பொரிச்சதுக்கு அப்பறந்தானுங்க. ஒத்தைக் கோழிய அடை வெக்கறதுதான் தப்பு. மூணு கோழி அடைக்கு வர்ற வரைக்கும் முதல்ல வந்ததைப் பழைய முட்டையிலயே உக்கார வெச்சிருங்க. ஒரு வாரம் தாங்கும். அப்பறம் மூணுக்கும் ஒரே ராத்திரியில முட்டை வெச்சீங்கன்னா, 7ஆம் நாள் கூமுட்டையக் கழிச்சுட்டு மிச்சத்தை ரெண்டு கோழிக்கே பிரிச்சுக் குடுக்கலாம். மூணாவது கோழி சும்மா ஆயிருச்சுங்களா, அதுக்குப் புது முட்டை வெக்காதீங்க. மின்கூண்டு தம்பி சொன்ன மாதிரி கலைச்சு விட்றணும், ரெண்டு ஈடு தொடர்ந்து உக்காந்தா எலும்பாப் போயிரும்.

குஞ்சு வந்ததும் இன்னொரு கோழியோட குஞ்சையும் ராத்திரியில ஒரே தாய்க்குக் கீழ தள்ளுங்க. ரெண்டு நாளுக்குள்ள செஞ்சாத்தான் ஏத்துக்கும், அதுக்கு மேல போனா நிறத்தை வெச்சே கண்டுபிடிச்சுக் கொத்திப்போடும். நல்ல வெயில் காலத்துல ஒரு கோழி 20 குஞ்சு வரைக்கும் மேய்க்கும். மார்கழி தையில 12க்கு மேல வேண்டாம், இறக்கைக்கு வெளிய நிக்கற குஞ்சு விடியக்காலையில வெறைச்சுக் கெடக்கும்.

இன்குபேட்டர் வெச்சிருக்கறவங்களும் இதைச் செய்யலாமுங்க. பெட்டியில முட்டை வெக்கற அன்னைக்கே ஒரு கோழிய நாலஞ்சு முட்டையோட உக்கார வெச்சிருங்க. 21ஆம் நாள் ராத்திரி பெட்டிக் குஞ்சு அத்தனையும் அதோட வயித்துக்கு அடியில.

மின்கூண்டு:
கடைசி யோசனை நல்லது. ஆனால் தாயோடு விட்டால் பருந்து, கீரி, காகம் எவ்வளவு கொண்டுபோகும் என்பதையும் சொல்லுங்கள். பல்புச் சூட்டில் குஞ்சு வளர்க்கும் புரூடரில் அந்தக் கவலை இல்லை. குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு, முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். எல்இடி பல்பில் சூடு வராது, அதைக் கட்டித் தொங்கவிட்டுக் குஞ்சைக் குளிரில் கொல்பவர்கள் நிறைய. பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரம் ஒதுங்கி வாய் திறந்தால் சூடு அதிகம். அதைப் பார்த்து உயரத்தை மாற்றினால் போதும். வழவழப்பான செய்தித்தாளை மட்டும் விரித்தால் கால் அகன்றுபோகும். இரண்டு அங்குலத்துக்கு உமி கட்டாயம்.

பஞ்சாரம்:
பருந்துக்கு வழி பஞ்சாரம், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைதான். முதல் பத்துப் பதினைந்து நாள் தாயைப் பஞ்சாரத்துக்குள் அடைத்து, ஓரத்தை ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்தால், குஞ்சு மட்டும் வெளியே வந்து மேயும். நிழல் ஓடினாலே தாய் குரல் கொடுக்கும், எல்லாம் உள்ளே ஓடிவிடும். எந்தப் புரூடர் அந்தக் குரலைக் கொடுக்கும்? கரையானைக் கிளறிக் காட்டுவதும், புழுதியில் புரளப் பழக்குவதும் தாய்தான். பல்புக்கடியில் வளர்ந்த குஞ்சைத் திடீரென்று வெளியே விடும்போதுதான் காகமும் பூனையும் அள்ளிக்கொண்டு போகின்றன.

தீனியில் மட்டும் தாயை நம்பக் கூடாது. நொய்யரிசி மட்டும் போட்டால் புரதம் போதாது. இறகு முளைப்பது தாமதமாகும், ஒன்றை ஒன்று கொத்தும். 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் முதல் எட்டு வாரம் வேண்டும். விலை அதிகமான அந்தத் தீவனத்தைத் தாய் தின்றுவிடாமல் இருக்க, குஞ்சு மட்டும் நுழையும் இடைவெளி விட்ட தட்டியால் தனியாக மறைத்து வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கு வைக்கவே கூடாது. அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பொரித்த அன்றே அரிசியைத் தூவி அவசரப்படுத்தவும் வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். தாய் ஒரு நாள் கூடையிலேயே உட்கார்ந்திருப்பது பின்தங்கிய முட்டைகளுக்காகத்தான்.

கழிச்சல்தடுப்பு:
யாரும் வெள்ளைக் கழிச்சல் நோயைத் தொடவில்லையே. தாயோடு வளர்ந்தாலும் பல்பில் வளர்ந்தாலும் 7ஆம் நாள் எஃப் வகை அல்லது லசோட்டா தடுப்பு மருந்து கண்ணில் ஒரு சொட்டு, 28ஆம் நாள் மறுபடி லசோட்டா, எட்டாவது வாரம் ஆர்2பி இறக்கைக்கு அடியில் ஊசி. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கான சொட்டு மருந்தும் கொடுத்துவிடுவது நல்லது. தாயோடு திரியும் குஞ்சைப் பகலில் பிடிக்க முடியாது. இருட்டியதும் கூடையோடு எடுங்கள்.

வீட்டு வளர்ப்பில் தடுப்பூசி விட்டுப்போவதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. மருந்துக் குப்பி நூறு டோஸ், இருநூறு டோஸ் என்றுதான் வரும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். பன்னிரண்டு குஞ்சுக்காக யாரும் அதை உடைப்பதில்லை. கொங்குத்தோட்டம் சொன்ன கூட்டு அடையைத் தெருவுக்கே பொருத்துங்கள். நாலைந்து வீடு ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரு குப்பியைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

அடை வைக்கும் முன் தாய்க்கு ஒட்டுண்ணி பார்ப்பதும் கட்டாயம். செல் என்ற பொடிப் பூச்சியும் உண்ணியும் பகலில் கூடையின் இடுக்கில் ஒளிந்து, இரவில் இரத்தம் குடிக்கும். பாதி அடையில் எழுந்து ஓடுகிற கோழியைக் குறை சொல்வதற்கு முன், இரவில் டார்ச் அடித்துக் கூடை இடுக்கைப் பாருங்கள். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூடையை வெயிலில் காயவைத்து, அடியில் சாம்பலும் வேப்பிலையும் போட்டு, அதன் பிறகுதான் முட்டை.

மின்கூண்டு:
தெருவே சேர்ந்து ஒரே வாரத்தில் வைக்க வேண்டுமென்றால் அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் அடைக்கு வருமா? அங்கேதான் பெட்டி வேண்டும் என்கிறேன். பெட்டி இருந்தால் எந்த நாளில் வைப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம்.

கொங்குத்தோட்டம்:
தெருவுக்கு ஒரு பெட்டின்னா நானும் சரிங்கறேனுங்க. வீட்டுக்கு ஒண்ணுங்கறதுதான் வேண்டாம். அவங்கவங்க முட்டையில பென்சில்ல அடையாளம் போட்டுக் குடுக்கட்டும், பேனா மை வேண்டாம். அடைக்கோழி இருக்கற வீட்டுக்குக் குஞ்சைப் பிரிச்சு விட்றலாம்.

பஞ்சாரம்:
பெட்டியில் வைப்பவர்கள் சிறுவிடை முட்டையையும் பெரிய வகையான பெருவிடையின் முட்டையையும் கலந்து வைக்காதீர்கள். சின்ன முட்டை சில மணி நேரம் முன்னாலேயே பொரித்துவிடும், அதைப் பார்த்து யாராவது மூடியைத் திறப்பார்கள். என் வீட்டு முட்டை கோழிக்கடியிலேயே இருக்கட்டும்.