முல்லைப் பந்தலில் பச்சைப்பாம்பு: கண்ணைக் கொத்துமா?

பந்தல்கால்:
நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. காலையில் பூப்பறிக்கப் போன அம்மா கொடியை விலக்கியதும் முகத்துக்கு நேரே ஒரு பச்சைப்பாம்பு. விரல் தடிமன், கூரான மூக்கு, நாக்கை நீட்டியபடி அசையாமல் நின்றதாம். கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. “கண்ணைக் கொத்திவிடும், அடிச்சுப் போடு” என்று பக்கத்து வீட்டு மாமா கம்போடு நிற்கிறார். உண்மையிலேயே கொத்துமா? விஷம் உண்டா?

கொய்யாத்தோப்பு:
மாமாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அதனிடம் கடி வாங்கியவன் நான்.

நாலு வருஷம் முன்னால் கொய்யாக் கிளையைக் கழிக்கும்போது இலைக்கொத்தோடு சேர்த்து அதையும் பிடித்துவிட்டேன். கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு மெல்ல ஆரம்பித்தது. விஷப்பல் மேல்தாடையின் பின்கோடியில் இருப்பதால் மென்றால்தான் விஷம் சரியாக இறங்கும். ஓணானுக்கும் தவளைக்கும் அது போதும். நமக்கு வலி, வீக்கம், மரத்துப்போவது, அவ்வளவுதான். இரண்டு நாள் விரல் கத்தரிக்காய் மாதிரி இருந்தது, வெற்றிலைக் காம்பு கிள்ள முடியவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். பச்சையாக இருப்பதெல்லாம் இதுவே ஆகாது; மலைப்பக்கம் மூங்கில் விரியனும் பச்சைதான், அது தடித்த உடம்பு, முக்கோணத் தலை.

கண் விஷயம்: அது இருப்பதே நம் முகம் உயரத்தில். கொடியை விலக்கி முகத்தை நீட்டுவது நாம்தான்! அதன் கண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? கண்மணி படுக்கைவாட்டில், சாவித்துவாரம் போல. கண்ணிலிருந்து மூக்குவரை ஒரு பள்ளம் ஓடும், அதனால் இரண்டு கண்ணாலும் நேரே குறி பார்க்கும். கோபம் வந்தால் உடம்பை உப்பும். செதில்களுக்கு நடுவே கறுப்பும் வெள்ளையும் தெரியும். அது தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அப்புறம், முட்டை தேட வேண்டாம். குட்டிதான் போடும்.

பனங்கூடல்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சிங்களத்தில் இதற்கு ‘எஹெட்டுல்லா’ என்று பெயர், கண்கொத்தி என்றுதான் அர்த்தம். ‘அஹேடுல்லா’ என்ற அறிவியல் பெயரும் அதிலிருந்து போனதுதான். முன்பு உங்கள் பாம்பும் எங்கள் பாம்பும் ஒன்றென்றே எழுதினார்கள். 2020இல் வந்த ஆய்வு பிரித்துவிட்டது: ‘நசூட்டா’ என்ற இனம் இலங்கைக்கு, உங்கள் சமவெளியில் இருப்பது ‘ஆக்சிரின்கா’ என்ற இனம்.

பந்தல்கால்:
மாமா கம்பை வைத்துவிட்டார். மத்தியானம் எட்டிப் பார்த்தேன், அதே கொடியில்தான் இருக்கிறது. வாய்க்கு வெளியே ஓணான் வால் தொங்குகிறது. அம்மா நாளைக்குத் துறட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பறிப்பாராம்.